சொந்தக் கூரை: கார்க் நகரத்தின் நெப்டியூன் கூடைப்பந்து கிளப்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஜனவரி என்றால் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பெரும்பாலும் தூறலும் இருக்கும். அண்மை ஆண்டுகளில் அந்த மாதத்தின் தொடக்கத்தில் தேசியக் கோப்பை கூடைப்பந்தின் அரையிறுதிகள் அங்கே நடப்பது வழக்கம். ஆண்கள், பெண்கள், இளையோர், கீழ்ப் பிரிவு என்று எல்லா ஆட்டங்களையும் ஒரே இடத்தில் முடிக்க முடியாது. அதனால் நகரின் வடபக்கத்தில் உள்ள இரண்டு கட்டடங்களில் பிரித்து வைப்பார்கள். ஒன்று குரானபிராஹர் பகுதியின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபம். இன்னொன்று நெப்டியூன் ஸ்டேடியம்.

முதலாவது பாதிரியார்களின் இடம். இரண்டாவது ஒரு கூடைப்பந்து கிளப் தனக்காகத் தானே கட்டிக்கொண்ட இடம். அயர்லாந்தில் எந்த கிளப்பும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. இந்த ஆய்வு அந்த இரண்டாவது கட்டடத்தைப் பற்றியது. ஆனால் முதலாவதை விட்டுவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது.

நெப்டியூன் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்றால், அமெரிக்க வீரர்கள் வந்தார்கள், கூட்டம் வந்தது. அமெரிக்கர்களுக்கு ஆகும் செலவு ஏறியது, கூட்டம் கலைந்தது. தப்பில்லை, அப்படித்தான் நடந்தது. ஆனால் அதே அமெரிக்கர்களை வைத்து ஆடிய எத்தனையோ அணிகள் இன்று பெயரளவில்கூட இல்லை. நெப்டியூன் இருக்கிறது. ஏன் என்று தேடினால் வீரர்களைவிடக் கூரைதான் நல்ல விடை தருகிறது என்பது என் கணிப்பு.

கூரை என்று நான் சொல்வது நேரடியான பொருளில். அயர்லாந்தில் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை இல்லை. ஆண்டில் பாதி நாளாவது ஏதோ ஒரு நேரத்தில் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களான கேலிக் கால்பந்துக்கோ, மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங்குக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. சேற்றில் புரண்டு ஆடுவதுதான் அங்கே அழகே. கூடைப்பந்து அப்படியில்லை. ஈரத்தரையில் பந்து எழும்பாது, கால் வழுக்கும், கை விறைத்துவிடும். அதுவும் அங்கே இது குளிர்காலத்து ஆட்டம். அக்டோபரில் தொடங்கி வசந்தம் வரும்போது முடியும். ஆக, ஓர் ஊரில் கூடைப்பந்து இருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்வது ஆர்வமோ திறமையோ இல்லை. மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

முதலில் அந்தச் சாவி இராணுவத்திடம் இருந்தது. பாசறைகளில் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அங்கேதான் இந்த ஆட்டம் நாட்டில் வேர் பிடித்தது. 1945-இல் ஒரு சங்கம் அமைந்தது, 1947-இல் அது உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கிற்கு ஓர் அணியை அனுப்பிவிட்டார்கள். இராணுவத்தினர் பலர் இருந்த அணி. கலந்துகொண்ட 23 நாடுகளில் அயர்லாந்துக்கு 23-ஆவது இடம். மெக்சிகோவுடன் ஆடியபோது 71-9. நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒன்பது புள்ளிகள்! ஆட ஆரம்பித்துக் கொஞ்ச காலமே ஆன நாடு என்று பார்த்தால், துணிச்சலாகப் போய் நின்றதே பெரிய விஷயம்.

அதே 1948-இல்தான் கார்க்கில் நெப்டியூன் கிளப் பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கிளப் எந்த நிலையிலிருந்து கிளம்பியது என்று காட்ட அந்த 71-9 நல்ல அளவுகோல்.

இன்னொரு சூழலையும் சொல்லிவிட வேண்டும். கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் ஆட்டக்காரர்களுக்கு ரக்பி, கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் ஆகிய 'அந்நிய' ஆட்டங்களை 1971 வரை தடை செய்து வைத்திருந்தது. கூடைப்பந்து அந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டமில்லை என்பதாலோ, யாரும் அதை ஒரு போட்டியாகவே மதிக்காததாலோ, தப்பித்துவிட்டது. கோடையில் ஊருக்காகக் கேலிக் கால்பந்து, குளிர்காலத்தில் உடம்பு இளைக்காமல் இருக்கக் கூடைப்பந்து என்று இளைஞர்கள் பழகிக்கொண்டார்கள். மேயோ மாவட்டக் கால்பந்தின் பெரிய பெயர்களில் ஒருவரான லியாம் மெக்ஹேல் பாலினா ஊரின் கூடைப்பந்து நட்சத்திரமும்கூட. கெர்ரி மாவட்டக் கால்பந்து வீரர் கீரன் டோனஹியும் அப்படித்தான். உயரப் பந்தை அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்தாலே அந்தக் கை எங்கே பழகியது என்று தெரிந்துவிடும்.

சரி, கார்க்குக்கு வருவோம்.

லீ ஆறு நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வடபக்கம் மேடு, செங்குத்தான தெருக்கள், வரிசை வீடுகள், தொழிலாளர் குடும்பங்கள். கூடைப்பந்து கார்க்கில் அந்த மேட்டு ஆட்டம். 1967-இல் புளூ டீமன்ஸ் என்ற இன்னொரு கிளப் தொடங்கியதும் நெப்டியூனுக்குச் சரியான எதிரி கிடைத்தான். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட இரண்டு அணிக்கும் ஆள் இருக்கும். இரண்டும் மோதிய இடம் குரானபிராஹர் பங்கு மண்டபம்.

பங்கு மண்டபம் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டடம். நாடகம், நடனம், பிங்கோ, ஊர்க்கூட்டம், இவற்றுக்கு நடுவே கூடைப்பந்து. பக்கக்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வரிசை ஆள் நின்றால் அதிகம். நெப்டியூன், டீமன்ஸ் ஆட்டத்தன்று அந்த மண்டபம் பிதுங்கி வழியும். கோட்டுக்கு வெளியே பந்தை எடுத்துப் போட வருகிற வீரரின் முதுகில் ரசிகனின் மூச்சுக்காற்று படும். ஆட்டத்துக்கு அது கொடுத்த சூட்டை எந்தப் பெரிய அரங்கமும் கொடுக்காது என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் அது அடுத்தவர் வீடு. எப்போது திறப்பது, எப்போது மூடுவது, அன்றைக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்பதெல்லாம் கிளப்பின் கையில் இல்லை.

1973-இல் தேசிய லீக் தொடங்கியது. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் திரளத் தொடங்கியது 1979-க்குப் பிறகு. கெர்ரி மாவட்டத்தின் கில்லார்னியில் பாடி ஓ'கானர் என்பவர் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். அமெரிக்காவிலிருந்து கிரெக் ஹியூகிலி, கார்னெல் பென்ஃபோர்ட் என்ற இரு வீரர்களைக் கூட்டிவந்து தன் அணியில் இறக்கினார். அந்தப் பருவ லீக் கில்லார்னிக்கு. சுற்றுலாவை நம்பி வாழும் ஊர் அது; குளிர்காலத்தில் ஈயோட்டும் ஊரில் திடீரென்று சனிக்கிழமை இரவுக்கு ஒரு திருவிழா கிடைத்தது. மற்ற கிளப்புகள் என்ன செய்யும்? ஒன்று, தாங்களும் இருவரைக் கொண்டுவர வேண்டும். இல்லை, வாராவாரம் முப்பது புள்ளியில் தோற்க வேண்டும். கொண்டுவந்தார்கள். இன்று பெண்களுக்கான தேசியக் கோப்பை பாடி ஓ'கானர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த அமெரிக்கர்கள் யார் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக அணிகளில் நன்றாக ஆடி, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அன்றைய அயர்லாந்தின் சிறு ஊர்களில் கறுப்பின மனிதரை நேரில் பார்த்திராத மக்களே அதிகம். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்க ஓர் இடம், கைச்செலவுக்குப் பணம், பகலில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. கூட ஆடும் உள்ளூர் வீரர்களோ சம்பளமே இல்லாமல், வேலை முடிந்து வந்து சட்டை மாற்றி ஆடுகிறவர்கள். இந்த ஏற்பாட்டில் பொறாமை வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் பள்ளியில் பார்த்த அதே ஆளை இரவில் வளையத்துக்கு மேலே பார்த்த பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை வீரர்கள். வெளியாளைக் கொண்டுவந்ததற்குக் கிடைத்த பெரிய லாபம் பட்டங்களைவிட அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வழியில் வந்தவர்களில் உலகறிந்த பெயர் மரியோ எலி. 1985-இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழாவது சுற்றில், 160-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதாவது கிட்டத்தட்டக் கணக்கில் இல்லாதவர். நாடு நாடாகச் சுற்றியவர் டப்ளினின் வடபக்கத்து கிலெஸ்டர் கிளப்புக்கும் ஆடினார். பிறகு 1994, 1995-இல் ஹூஸ்டனுடனும், 1999-இல் சான் அன்டோனியோவுடனும் என்பிஏ பட்டம் வென்றார். 1995-இல் ஃபீனிக்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டுவிட்டு எதிரணியின் பக்கம் முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டாரே, அவர்தான்.

நெப்டியூனின் காலம் வந்தபோது கார்க் நகரம் விழுந்து கிடந்தது. 1983-இல் டன்லப் டயர் ஆலை மூடியது. 1984 ஜூலையில் ஃபோர்டு கார் ஆலை மூடியது. அந்த நிறுவனம் முதல் உலகப்போர்க் காலத்தில் வந்து இறங்கிய ஊர் அது. அதே ஆண்டு வெரோல்ம் கப்பல் கட்டும் தளமும் போயிற்று. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பெரிய சம்பளக் கதவுகள். நாட்டில் வேலையின்மை பதினேழு சதவீதத்தை ஒட்டி இருந்தது. படித்த பிள்ளைகள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கப்பலோ விமானமோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில், அந்த நேரத்தில், வடபக்கத்துக் கூடைப்பந்து கிளப் ஒன்று தனக்கென்று ஒரு ஸ்டேடியம் கட்டியது. திறப்பு 1985 ஜனவரியில்.

இதைக் கிறுக்குத்தனம் என்றும் சொல்லலாம். எண்பதுகளின் கூட்டத்தைப் பார்த்து மயங்கி, அது என்றைக்கும் இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு என்று ஒரு கணக்காளர் எழுதிவிட்டுப் போவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தேசியச் சங்கத்துக்கே அப்போது சொந்த அரங்கம் கிடையாது; டப்ளினின் டாலாவில் தேசியக் கூடைப்பந்து அரங்கம் வந்தது 1993-இல். நாட்டுக்கே இல்லாத ஒன்றை ஒரு கிளப் எட்டு ஆண்டு முன்னால் கட்டியது என்றால் அகலக்கால் என்று தோன்றாதா?

எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு கிளப்பின் பணம் எதற்குப் போகலாம் என்று பாருங்கள். இன்னும் நல்ல அமெரிக்கர் ஒருவரைக் கொண்டுவரலாம்; அவர் ஏப்ரலில் விமானம் ஏறிவிடுவார். மண்டப வாடகை கட்டலாம். அது பருவத்தோடு கரைந்துவிடும். கூட்டம் இருக்கும்போதே அந்தக் கூட்டத்தின் காசை, கூட்டம் போன பிறகும் நிற்கிற ஒன்றாக மாற்றியதுதான் நெப்டியூன் செய்தது. நகை நட்டு வாங்காமல் மனை வாங்கிப் போட்ட குடும்பத்தின் புத்தி அது.

சொந்த அரங்கம் வந்ததும் மாறியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் எல்லாம் சேர்ந்தால் பெரியவை. வாசல் வசூல் முழுக்கக் கிளப்புக்கு. பயிற்சிக்கு எந்த நேரமும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை காலை இடம் வேண்டுமென்றால் யாரிடமும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். பருவ முடிவில் முதல் நான்கு அணிகளுக்கு நடக்கும் 'டாப் ஃபோர்' போட்டிகள் போன்ற பெரிய ஆட்டங்களை நடத்தக் கேட்கும் உரிமை. ஆட்டம் இல்லாத நாட்களில் இடத்தை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கவும் வழி.

களத்திலும் அது பொன்னான காலம். டெரி ஸ்ட்ரிக்லண்ட், லென்னி மெக்மில்லியன் என்ற அமெரிக்க ஜோடியின் பெயரை இன்றும் கார்க்கில் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள், புருஷன் பெண்டாட்டி பெயரைச் சேர்த்துச் சொல்வதைப் போல. சட்டையில் பர்கர்லேண்ட் என்ற உணவகத்தின் பெயர். அணியின் பெயரே 'பர்கர்லேண்ட் நெப்டியூன்'. எண்பதுகளின் இரண்டாம் பாதியில் லீக் பட்டங்கள் தொடர்ந்து அந்த மேட்டுக்கு ஏறின. ஆனால் அந்த அணியை இரண்டு அமெரிக்கர்களின் அணி என்று சுருக்குவது அநியாயம். எல்லா அணியிலும் இருவர் இருந்தார்கள். மீதி மூன்று இடங்களில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் ஆட்டத்தைத் தீர்த்தது. நெப்டியூனில் டாம் வில்கின்சன் போன்ற உள்ளூர் ஆட்கள் நின்றார்கள், சின்ன வயதிலிருந்தே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள்.

தொண்ணூறுகளில் கூட்டம் வடிந்தது. காரணங்களை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்தில் அயர்லாந்து காலிறுதி வரை போனதும் நாடே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அமெரிக்க ஆட்டமே டிவியில் வர ஆரம்பித்த பிறகு உள்ளூர் அமெரிக்கர் அத்தனை பெரிய அதிசயமாக இல்லை. ஒவ்வொரு கிளப்பும் அடுத்தவனைவிட நல்ல ஜோடி தேடிச் செலவை ஏற்றிக்கொண்டே போனது. வெளிநாட்டவர் எத்தனை பேர் என்ற விதியும் பலமுறை மாறியது. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு வந்த பிறகு ஐரோப்பிய நாட்டு வீரர்களுக்கும் வழி திறந்தது. அயர்லாந்துக் கூடைப்பந்துக்காரர்கள் அப்படி வரும் ஆளையே 'போஸ்மன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெல்ஜியக் கால்பந்துக்காரரின் பெயர் அயர்லாந்தின் பங்கு மண்டபங்களில் ஒரு பொதுப்பெயராகிவிட்டது.

என் பார்வையில் முதல் இரண்டு காரணமும் வெளியிலிருந்து வந்தவை. மூன்றாவது மட்டும்தான் கிளப்புகள் தாங்களே இழுத்துக்கொண்டது. கூரையில்லாத கிளப்புக்கு அந்த மூன்றாவது உயிரையே எடுத்துவிடும். புரவலர் போனால் அமெரிக்கர் போவார், அமெரிக்கர் போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் மண்டப வாடகை கட்ட முடியாது. அவ்வளவுதான், கிளப் முடிந்தது.

எதிரி வீட்டைப் பார்த்தால் இது விளங்கும். புளூ டீமன்ஸ் ஆட்டத்தில் சளைத்த அணியே இல்லை. பிறகு கார்க் பல்கலைக்கழகத்துடன் கைகோத்து யூசிசி டீமன்ஸ் ஆனது. 2010-களின் நடுவில் நாட்டின் வலுவான அணிகளில் ஒன்று. அப்படிப்பட்ட அணி சில ஆண்டுகளுக்குள் மேல் பிரிவிலேயே இல்லாமல் போய்விட்டது. திரும்பி வரப் பல பருவங்கள் ஆயின. வந்தார்கள், அது அவர்களின் கெட்டித்தனம். ஆனால் விழுந்தபோது ஊன்றிக்கொள்ளச் சொந்தச் சுவர் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை.

இதற்காக, சொந்த அரங்கம் இல்லாவிட்டால் பிழைக்கவே முடியாது என்று விதி எழுதிவிடக் கூடாது. மரியோ எலி ஆடிய கிலெஸ்டர் இன்றும் மேல் பிரிவில் ஆடுகிற கிளப்தான். அவர்கள் ஆடும் இடம் டப்ளினின் க்ளான்டார்ஃபில் உள்ள அயர்லாந்து சக்கர நாற்காலிச் சங்கத்தின் கூடம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்குத் தரை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களின் கூடம். வாடகைக்கு இருப்பதென்றால் இப்படி ஆட்டம் தெரிந்த வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

நெப்டியூனுக்கும் சொந்த வீடு சுமையில்லாமல் இல்லை. கூரை ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது? சூடாக்கும் செலவு, காப்பீடு, மரத்தரை மெருகு எல்லாம் கிளப்பின் தலையில்தான், ஜெயித்தாலும் தோற்றாலும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பருவம் பாதியில் நின்றது. 2020-21 பருவம் நடக்கவே இல்லை. வாடகைக்கு இருக்கிறவன் வெளியே போய்விடலாம். சொந்தக்காரன் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேசிய அளவிலும் கடன் எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதை அயர்லாந்து பார்த்திருக்கிறது. 2010 வாக்கில் தேசியச் சங்கம் கடனில் மூழ்கி சீனியர் தேசிய அணிகளையே கலைத்துவிட்டது. நாட்டுக்காக ஆடியிருக்க வேண்டிய ஒரு தலைமுறைக்கு அந்தச் சட்டையே கிடைக்கவில்லை. 2016-இல்தான் அணிகள் மீண்டு வந்தன. 2021 ஆகஸ்டில் டப்ளினில் நடந்த சிறு நாடுகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் ஆண்கள் அணி வென்றது. நாட்டு அணி இல்லாத அந்த ஆண்டுகளில் இந்த ஆட்டத்தைத் தூக்கிப் பிடித்தவை கிளப்புகள்தான்.

இன்றைக்கும் அணியின் பெயருக்கு முன்னால் யாரோ ஒரு புரவலர் உட்கார்ந்திருக்கிறார். பர்கர்லேண்ட் போய்விட்டது, சி அண்ட் எஸ் நெப்டியூன் என்று சில காலம், எனர்ஜிவைஸ் அயர்லாந்து நெப்டியூன் என்று சில காலம். பழைய ரசிகர் ஒருவருக்கு இந்த முன்னொட்டுகளை வரிசையாகச் சொன்னால் தன் வாழ்க்கையின் எந்தெந்த ஆண்டு எது என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது. கட்டடத்தின் பெயர் மட்டும் 1985-இல் வைத்ததுதான்.

கோப்பையின் இறுதியாட்டங்கள் ஜனவரிக் கடைசியில் டப்ளினின் டாலா அரங்கத்தில், தொலைக்காட்சி வெளிச்சத்தில் நடக்கும். அதற்கு முன்னால் அரையிறுதிக்கு டப்ளின்காரர்கள் உட்பட எல்லோரும் பேருந்து பிடித்து கார்க்குக்கு வந்து, அந்த மேட்டில் ஏறியாக வேண்டும்.